பெல் ஆய்வகத்துக் கெட்டிக்காரர்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்று ஓர் ஊர். 1980களில் பெல் ஆய்வகத்தின் பெரிய கிளை ஒன்று அங்கே இயங்கியது. தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைப்பதும் அவற்றுக்கான மென்பொருளை எழுதுவதும் அதன் வேலை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்கள் இருந்தார்கள். 1982இல் அதே மாநிலத்தின் செனிகா என்ற சிற்றூரில் முதன்முதலாக நிறுவப்பட்ட 5ஈஎஸ்எஸ் என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் இந்தப் பிரிவின் பெயர் சொல்லும் படைப்பு.

அத்தனை பேரும் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். நல்ல பல்கலைக்கழகம், நல்ல மதிப்பெண், பேராசிரியர்களின் பாராட்டுக் கடிதம். அப்படியிருந்தும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரைத்தான் நிர்வாகம் நட்சத்திரங்களாகக் கருதியது. மற்றவர்கள் கொடுத்த வேலையைப் பழுதில்லாமல் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். தொலைபேசித் துறை, பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டியின் கைக்குள் இருந்தவரை இந்த வித்தியாசத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1984இல் அந்த ஏகபோகம் உடைக்கப்பட்டது. போட்டிக்காரர்கள் கதவைத் தட்டத் தொடங்கியதும், அந்தப் பத்துப் பதினைந்து பேர் அப்படி என்னதான் செய்கிறார்கள், அதை மற்றவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்ற கேள்வி எழுந்தது. பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கெல்லியிடம் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. அவரும் ஜேனட் கேப்லனும் பல ஆண்டு உழைப்பில் கண்டதை 1993இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார்கள்.

நட்சத்திரம் என்றால் மூளைக்காரர் என்பதுதான் அங்கிருந்த பலரின் முதல் ஊகம். கெல்லி குழுவினர் அதையே முதலில் சோதித்தார்கள். அறிவுத்திறன், தர்க்கம், கற்பனை, தன்னம்பிக்கை, முன்னேறும் வெறி, பிறரோடு பழகும் பாங்கு என்று ஒவ்வொன்றுக்கும் சோதனை வைத்தார்கள். நட்சத்திரங்களையும் சாதாரணர்களையும் பிரித்துக் காட்டுமளவுக்கு எதிலும் வித்தியாசம் இல்லை. யோசித்தால் இது ஒன்றும் அதிசயமல்ல. உயரமானவர்களை மட்டுமே பொறுக்கிச் சேர்த்த கூடைப்பந்து அணியில், யார் அதிகப் புள்ளி எடுப்பார் என்பதை உயரத்தை அளந்து சொல்ல முடியாது. மூளை நுழைவுச்சீட்டு, உள்ளே வந்த பிறகு எல்லோர் கையிலும் அது இருக்கிறது.

வேறொரு சிக்கலும் தலைகாட்டியது. யார் நட்சத்திரம் என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. மேலாளர்கள் தந்த பெயர்களும் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள் தந்த பெயர்களும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மேலதிகாரியின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற ஆள், அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்களின் கணக்கில் வெறும் சத்தமாக இருந்தார். எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இது தெரிந்த சங்கதிதான் என்றாலும், ஆய்வு முறைக்கு இது முக்கியம். மேலாளரின் மதிப்பீட்டை மட்டும் நம்பியிருந்தால், மேலாளரைக் கவர்வது எப்படி என்ற ஆய்வாகத்தான் அது முடிந்திருக்கும்.

குணத்தில் இல்லாத வித்தியாசம் செய்கையில் இருந்தது. கெல்லியும் கேப்லனும் ஒன்பது வேலைப் பழக்கங்களை இனம் கண்டார்கள். தானாக முன்வருதல், விஷயம் தெரிந்தவர்களோடு தொடர்பு வைத்திருத்தல், நேரத்தையும் தன்னையும் நிர்வகித்தல், குழுவில் தன் பங்கை உணர்தல் என்று அந்த வரிசை போகிறது. சுவாரசியமான விஷயம் பட்டியலில் இல்லை. சாதாரணப் பொறியாளர்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார்கள். இரு தரப்பும் ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு காரியங்களைச் செய்துகொண்டிருந்தன.

'முன்வருதல்' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் தானாக முன்வந்து என்ன செய்தீர்கள் என்று சாதாரணப் பொறியாளர்களைக் கேட்டபோது, ஒருவர், புதிய வேலையைத் தொடங்குமுன் அதற்கு வேண்டிய ஆவணங்களையும் மென்பொருள் கருவிகளையும் தேடி ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டதைச் சொன்னார். இன்னொருவர், மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டு மேலாளருக்குக் குறிப்பு எழுதி அனுப்பியதைச் சொன்னார். நட்சத்திரங்களின் பார்வையில் இவை வாங்குகிற சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய வேலைகள்; முன்வருதல் என்ற கணக்கிலேயே சேராது. அவர்கள் பிழையைக் கண்டால் குறிப்பு எழுதுவதோடு நிற்பதில்லை, உட்கார்ந்து திருத்திவிடுவார்கள்.

குறிப்பு எழுதுவதற்கும் திருத்துவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு இதே நிறுவனத்தின் பழைய வரலாற்றில் ஓர் உதாரணம் கிடைக்கிறது. ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் 1946இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சுகளால் ஆன கணினி ஒன்று இருந்தது. வார இறுதியில்தான் அவருக்கு அதில் இடம் கிடைக்கும். வார நாட்களில் கணினி தன் கணக்கில் பிழை கண்டால் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஊழியர் சரிசெய்து மறுபடி ஓட்டுவார். வார இறுதியில் ஆள் கிடையாது. பிழை வந்தால் அந்த வேலையைக் கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் ஹாமிங் திங்கள்கிழமை வந்து பார்த்தபோது அவருடைய கணக்கு அந்தரத்தில் நின்றது.

எரிச்சல் யாருக்கும் வரும். வார இறுதியிலும் ஓர் ஆளைப் போடுங்கள் என்று மனு எழுதியிருக்கலாம். ஹாமிங்குக்கு வேறு கேள்வி எழுந்தது: பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ள ஏன் தெரியக்கூடாது? நான்கு தகவல் இலக்கங்களோடு மூன்று சரிபார்ப்பு இலக்கங்களைச் சேர்த்து, ஏழில் எந்த ஒன்று பிறழ்ந்தாலும் அந்த மூன்றும் சேர்ந்து பிறழ்ந்த இடத்தைச் சுட்டிக்காட்டும்படி அவர் அமைத்த முறை 1950இல் ஆய்வகத்தின் தொழில்நுட்ப இதழில் வெளியானது. இன்றைய சர்வர் கணினிகளின் நினைவகங்கள் அந்த முறையின் வழிவந்த உத்திகளைப் பயன்படுத்துகின்றன. தன் எரிச்சலுக்கு மட்டும் மருந்து தேடியிருந்தால், ஒரு வார இறுதி வேலையாளோடு விஷயம் முடிந்திருக்கும்.

அடுத்தது தொடர்புகள். இந்தச் சொல்லைக் கேட்டதும் விசிட்டிங் கார்டும் விருந்து மண்டபமும் நினைவுக்கு வருகின்றன. நேப்பர்வில்லில் அதற்கு அர்த்தம் வேறு. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட மென்பொருளை ஒருவர் முழுதாக அறிந்திருக்க முடியாது. ஆகவே எல்லோரும் ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சாதாரணப் பொறியாளர் ஒருவர் அப்படி முட்டிக்கொண்டபோது விஷயம் தெரிந்த பலருக்குத் தொலைபேசி செய்தார், மின்னஞ்சல் அனுப்பினார், காத்திருந்தார். பதில் வரவில்லை. அவர்களுக்கு இவரைத் தெரியாது. தெரியாத ஆளின் சிக்கலுக்கு நேரம் ஒதுக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை. நட்சத்திரங்களுக்கு இந்த நிலைமை அபூர்வமாகவே வந்தது. தேவைப்படுவதற்கு முன்பே, யாருக்கு எது தெரியும் என்று அறிந்து, அவர்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் உதவியும் வைத்திருப்பார்கள். அதே கேள்வியை இவர்கள் கேட்டால் பதில் விரைவில் வரும். மூளை ஒன்றுதான், தகுதி ஒன்றுதான். ஒருவர் இரண்டு நாள் காத்திருக்க, மற்றவர் அன்று மதியமே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார் என்றால், ஆண்டு முடிவில் கணக்கு எங்கே நிற்கும்?

பெல் ஆய்வகத்தின் வரலாற்றை எழுதிய ஜான் கெர்ட்னர் 2012இல் வெளியான தன் நூலில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறார். சில ஆராய்ச்சியாளர்கள் மட்டும் காப்புரிமைகளை வாங்கிக் குவிப்பது ஏன் என்று அங்கிருந்த காப்புரிமை வழக்கறிஞர்கள் ஆராய்ந்தார்கள். படிப்பு, துறை, பின்னணி எதுவும் பொதுவாக இல்லை. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அவர்களில் பலர் ஹாரி நைக்விஸ்ட் என்ற பொறியாளரோடு காலை உணவோ மதிய உணவோ சாப்பிடும் வழக்கம் உள்ளவர்கள். நைக்விஸ்ட் அவர்களுக்கு யோசனைகளை அள்ளிக் கொடுத்தவர் அல்ல. நல்ல கேள்விகள் கேட்டு, எதிரில் இருப்பவரை யோசிக்க வைப்பவர்.

நெருங்கிய நண்பர்களைவிடத் தூரத்துப் பழக்கங்கள் வேலை கிடைக்க அதிகம் உதவுகின்றன என்ற கருத்துக்கும் நீண்ட ஆய்வு மரபு உண்டு. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்கூட இல்லை; பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்த்தவர்கள். 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிப் பயனர்களிடம் ஐந்தாண்டு நடந்த சோதனைகளை வைத்து இதை மறுபடி சோதித்தது. முடிவு கிரானோவெட்டர் பக்கம்தான், ஒரு திருத்தத்தோடு: அதிகம் பயன்பட்டவை மிக மெலிந்த பழக்கங்கள் அல்ல, ஓரளவு மெலிந்தவை. பெயர் மட்டும் தெரிந்தவர் உதவுவதில்லை. வீட்டுக்கு வந்து போகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் ஏற்கெனவே தெரியும்.

ஹாமிங் இதே விஷயத்தைக் கதவுகளை வைத்துப் பார்த்தார். 1986 மார்ச்சில், அப்போது பெல் ஆய்வகத்தை விட்டு விலகிப் பத்தாண்டு ஆகியிருந்த நிலையில், நியூ ஜெர்சியில் அவர் ஆற்றிய உரை இன்றும் ஆராய்ச்சி மாணவர்களிடையே சுற்றிவருகிறது. அறைக் கதவை மூடிக்கொண்டு உழைப்பவர்கள் இன்றும் நாளையும் அதிகம் சாதிக்கிறார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் எந்தச் சிக்கலில் உழைத்தால் பயன் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை என்பது அவருடைய அவதானம். மூடிய கதவு காரணமா, அல்லது மனம் மூடியிருந்ததன் அடையாளமா என்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். முன்னேற்றம் பற்றிப் பேசுபவர்கள் மேற்கோள் காட்டும்போது இந்த இரண்டாவது பாதியை வழியில் எங்கோ தொலைத்துவிடுகிறார்கள். அதே உரையில், சாப்பாட்டு மேசையில் வேதியியலாளர்களிடம் போய், உங்கள் துறையின் முக்கியமான சிக்கல்கள் எவை என்று கேட்டு, பிறகு அவற்றில் நீங்கள் ஏன் வேலை செய்யவில்லை என்றும் கேட்டதாகச் சொல்கிறார். விரைவிலேயே அவர் வேறு மேசை தேட வேண்டியதாயிற்று. கேள்வி கேட்கும் பழக்கத்திலும் நைக்விஸ்ட் வழி, ஹாமிங் வழி என்று இரண்டு உண்டு போலும்.

கெல்லியின் ஆய்வில் எல்லாவற்றையும்விடக் கூர்மையான கண்டுபிடிப்பு வரிசை முறையைப் பற்றியது. ஒன்பது பழக்கங்களில் எது முக்கியம், எது அடுத்தது என்று இரு தரப்பையும் அடுக்கச் சொன்னபோது அடுக்கு தலைகீழானது. நட்சத்திரங்கள் தொழில் திறமையையும் முன்வருதலையும் நடுமையத்தில் வைத்தார்கள். அதைச் சுற்றித் தொடர்புகள், சுயநிர்வாகம், குழுப்பணி போன்றவை. சபையில் எடுத்துச் சொல்லும் சாமர்த்தியமும் நிறுவன அரசியலின் நெளிவு சுளிவும் அவர்களுக்கு வெளிவட்டம். சாதாரணர்கள் அந்த வெளிவட்டத்தையே மையமாக வைத்திருந்தார்கள். முன்னுக்கு வந்தவர்கள் எல்லாம் பேச்சுத் திறமையாலும் காக்கா பிடித்தும் வந்தவர்கள் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. மேலிடத்து அறைக்குள் போய்ப் பேசுவது மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்கு முன் ஆறு மாதம் அந்த ஆள் யாருடைய பிழையைத் திருத்திக்கொடுத்தார் என்பது யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே பார்ப்பவர்கள் பேச்சைப் படியெடுக்கிறார்கள். ஒன்பதில் பின்தொடரும் திறனும் ஒன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். தலைமைப் பண்பைப் பற்றி மட்டுமே நூல்கள் குவிந்த 1980களில், நல்ல முறையில் பின்தொடர்வதும் ஒரு திறமைதான் என்று 1988இலேயே கட்டுரை எழுதியவர் கெல்லி. தன் யோசனையை விட்டுக்கொடுக்காமல், அதே சமயம் தலைவரைக் கவிழ்க்கவும் பார்க்காமல், குழுவின் காரியத்தை நடத்திவைப்பவரை அவர் மனதில் வைத்திருந்தார். தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஜால்ரா என்று சொல்லப்படுகிற ஆள் அவர் அல்லர்.

இந்த ஆய்வை எவ்வளவு நம்பலாம்? முதலில் வென்றவர்களைப் பொறுக்கிவிட்டு, பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் எந்த ஆய்விலும் ஓர் ஆபத்து உண்டு. பெயர் வாங்கியவருக்குத்தான் மற்றவர்கள் தொலைபேசியில் உடனே பதில் சொல்கிறார்களோ என்னவோ. பழக்கம் வெற்றியைத் தந்ததா, வெற்றி பழக்கத்தைத் தந்ததா என்று பிரிப்பது கடினம். கெல்லியும் கேப்லனும் ஒரு படி மேலே போனதுதான் இவர்களின் ஆய்வைத் தனித்துக் காட்டுகிறது. நட்சத்திரங்களின் பழக்கங்களை வைத்துப் பத்து வாரப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார்கள். 600க்கும் மேற்பட்ட பொறியாளர்கள் அதில் கலந்துகொண்டார்கள். பயிற்சி முடிந்ததும் தங்கள் உற்பத்தித்திறன் 10 சதவீதம் கூடியதாகவும், ஓராண்டு கழித்து 25 சதவீதம் கூடியதாகவும் அவர்கள் மதிப்பிட்டார்கள். வழக்கமாகப் பயிற்சியின் சூடு வகுப்பு முடிந்ததும் ஆறத் தொடங்கும். இங்கே ஏறிக்கொண்டே போனது. ஆனால் இவை தமக்குத் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண்கள் என்பதை மறக்கக்கூடாது. பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மேலாளர்கள் ஒப்பிட்ட கணக்கும் அதே திசையைக் காட்டியதால்தான் அதற்கு எடை கூடுகிறது.

கெல்லி 1998இல் எழுதிய நூலில் ஹென்றி என்ற ஆண், லாய் என்ற பெண் என்று இரு புதுப் பொறியாளர்களைக் காட்டுகிறார். ஒரே மாதிரி மதிப்பெண், ஒரே மாதிரி சிபாரிசு. முதல் ஆறு மாதம் காலையில் வகுப்பு, மதியம் சிறு வேலைகள். ஹென்றி அறைக்குள் தொழில்நுட்ப ஆவணங்களைக் குவித்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிப்பவர்போல் உட்கார்ந்தார். லாய் தன் வேலைக்கென்று தினமும் மூன்று மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மீதி நேரத்தில் சக ஊழியர்களிடம் போய் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். எல்லோர் கணினியிலும் புதிய மென்பொருள் கருவிகளை நிறுவ வேண்டியிருந்தபோது, அவற்றை ஏற்கெனவே அறிந்திருந்த லாய், ஆளுக்கு ஆள் தடுமாறுவதைவிட நானே செய்துவிடுகிறேன் என்றார். நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது. காலையில் சீக்கிரம் வந்து, மாலையில் தாமதமாகப் போய், தன் சொந்த வேலை கெடாமல் முடித்துக்கொடுத்தார்.

இன்னொரு நாள், ஆய்வுக்கூடத்தில் இரவு முழுவதும் இருக்க வேண்டிய ஒருவர் துக்க வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அவருக்குப் பதில் யார் என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்ததும் மூத்தவர்கள் குறிப்பேட்டைக் குனிந்து ஆராயத் தொடங்கினார்கள். லாய் கைதூக்கினார். ஆறு மாத முடிவில் இருவரின் வேலையும் தரமாகவே இருந்தது. ஆனால் குழுவோடு சேர்ந்தவர் என்ற பெயர் லாய்க்குக் கிடைத்தது. ஹென்றி தனியாள் என்று பெயர் வாங்கினார்.

இந்தக் கதையைப் படிக்கும் பெண் வாசகர்கள் பலர் ஓர் இடத்தில் நிமிர்ந்து உட்காரக்கூடும். எல்லோரும் குனிந்துகொள்ள, பெண் ஒருவர் கைதூக்கும் அந்தக் கூட்டத்தை அவர்கள் வேறெங்கோ பார்த்திருக்கிறார்கள். கெல்லியின் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா பாப்காக், அதே ஊரின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீஸ் வெஸ்டர்லுண்ட் உள்ளிட்ட நால்வர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கூட்ட அறையையே சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. மூன்று பேர் கொண்ட குழு, திரையில் ஒரு பொத்தான், இரண்டு நிமிடம். யாரும் அழுத்தாவிட்டால் ஆளுக்கு 1 டாலர். ஒருவர் அழுத்தினால் மற்ற இருவருக்கும் 2 டாலர், அழுத்தியவருக்கு 1.25 டாலர்தான். யாராவது அழுத்துவது எல்லோருக்கும் லாபம், ஆனால் அழுத்துகிறவருக்குக் குறைந்த லாபம். பத்துச் சுற்று ஆடினார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள்.

பெண்களின் சுபாவமே அது என்று முடித்துவிட முடியாதபடி அடுத்த சோதனை அமைந்தது. பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழு பிரித்தபோது வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆண்கள் மட்டுமே இருந்தால் ஆண்கள் தயங்காமல் அழுத்தினார்கள். பெண் இருந்தால் அவர் அழுத்துவார் என்று காத்திருந்தார்கள். மேலாளர் ஒருவரைச் சேர்த்து, யாரிடமாவது உதவி கேளுங்கள் என்றபோது பெண்களிடம் 44 சதவீதம் அதிகமாகக் கேட்கப்பட்டது. கேட்டவர் ஆணானாலும் பெண்ணானாலும் அதேதான். கேட்கப்பட்ட பெண்களில் 76 சதவீதத்தினர் சம்மதித்தார்கள், ஆண்களில் 51 சதவீதத்தினர்.

ஆகவே 'தானாக முன்வா' என்ற அறிவுரையை எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டித் தைத்துக் கொடுக்க முடியாது. பாப்காக்கும் தோழிகளும் 2022இல் வெளியிட்ட நூலில், தொழில்முறை ஆலோசனை நிறுவனம் ஒன்றில் பெண்கள் ஆண்களைவிட ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் அதிகமாக, பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளில் செலவிட்டதாக எழுதினார்கள். ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு அது. கூட்டத்தில் குறிப்பெடுப்பது, பிரிவு உபசார விழாவுக்கு ஏற்பாடு செய்வது, புதியவர்களுக்கு இடம் காட்டுவது போன்ற வேலைகள். யாராவது செய்தே ஆக வேண்டும். செய்தவர் பெயர் ஆண்டு இறுதி மதிப்பீட்டில் வராது.

கெல்லியின் கணக்கிலும் எல்லா முன்வருதலும் ஒன்றல்ல. சொந்த வேலை பழுதில்லாமல் முடிந்திருக்க வேண்டும். எடுத்த காரியம் நிறுவனத்தின் முதன்மையான வேலையோடு ஒட்டியிருக்க வேண்டும். தொடங்கியதைக் கடைசிவரை நடத்த வேண்டும் என்கிறார். மென்பொருள் கருவிகளை நிறுவியது அந்த வகையில் சேரும். எல்லோருடைய நிரல் வேலையும் அதனால் வேகப்பட்டது. இரவுப் பணிக்குக் கைதூக்கியது எந்த வகை என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. புதிதாகச் சேர்ந்து, குழுவில் இடம் பிடிக்க வேண்டிய முதல் மாதங்களில் லாய்க்கு அது பலன் தந்தது. ஐந்தாவது ஆண்டிலும் அவரே கைதூக்கிக்கொண்டிருந்தால் அது முன்வருதலாகவா இருக்கும், இல்லை எழுதப்படாத பணி விதியாகவா?

இந்த இடத்தில் ஊழியரின் பழக்கத்தைத் திருத்துவதைவிட மேலாளரின் பழக்கத்தைத் திருத்துவது எளிது என்பது பாப்காக் குழுவின் நிலைப்பாடு. யாராவது செய்கிறீர்களா என்று கூட்டத்தில் கேட்பதையே நிறுத்திவிட்டு, இந்த மாதிரி வேலைகளை முறை வைத்து ஒதுக்கலாம். அல்லது பெயர்களை எழுதிச் சீட்டுக் குலுக்கலாம் என்கிறார்கள். செலவில்லாத ஏற்பாடு. அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.